எதிரிக்கும் ஓர் இடம்!

அமெரிக்காவில் ரயில் பைத்தியங்கள் நிறைய உண்டு. ஸ்டேஷனில் போய் நின்று வேடிக்கை பார்க்கிற பைத்தியம் இல்லை. வீட்டின் நிலவறையில் ஒரு முழு ரயில்வேயையே கட்டி ஓட்டுகிற பைத்தியம்!

மேஜை உயரத்தில் மலை, ஆறு, பாலம், சுரங்கப்பாதை. நடுவே தண்டவாளம், ஒரு குட்டி ஸ்டேஷன், பக்கத்தில் சின்னதாக ஓர் ஊர். எல்லாமே நிஜத்தைவிட 87 மடங்கு சிறியது. ஹெச்.ஓ. ஸ்கேல் என்பார்கள். ஆறடி மனிதர் இங்கே இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். ஒரு மைல் தூரம் அறுபது அடி சொச்சத்தில் அடங்கிவிடும்.

அந்தக் குட்டி ஊரைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சர்ச் இருக்கும், மளிகைக்கடை இருக்கும். கூடவே, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே, ஜம்மென்று ஒரு பெட்ரோல் பங்க்!

அதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? அமெரிக்கப் பயணி ரயிலைக் கவிழ்த்ததே காரும் பெட்ரோல் பங்கும்தான். ரயில் பக்தரின் பூஜையறையில், ரயிலைக் கவிழ்த்தவனுக்கும் ஒரு விக்கிரகமா? அதுவும் மற்ற பொம்மைகளைவிட அதிக சிரத்தையோடு செய்து வைத்திருப்பார்கள்!

ஏன்? கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கலாம்.

கார் வந்த புதிதில் பெட்ரோலுக்கென்று தனியாக இடம் கிடையாது. மளிகைக்கடையிலும் மருந்துக்கடையிலும் டின்னில் வாங்கிவந்து, புனல் வைத்து ஊற்றிக்கொள்ள வேண்டும். பம்ப் என்ற ஐட்டமே முதலில் மண்ணெண்ணெய்க்காக வந்ததுதான். 1885-ல் ஃபோர்ட் வெய்ன் என்ற ஊரில் சில்வேனஸ் பௌசர் என்பவர் ஒரு மளிகைக்கடைக்குச் செய்து கொடுத்தார்.

1913, டிசம்பர் 1. பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் கம்பெனி ஒரு பங்கைத் திறந்தது. கார் உள்ளே வந்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு, வெளியே போவதற்கென்றே பிளான் போட்டுக் கட்டிய முதல் பங்க் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். காலன் 27 சென்ட். காற்று இலவசம், தண்ணீர் இலவசம். முதல் நாள் வியாபாரம் எவ்வளவு தெரியுமா? வெறும் 30 காலன்! நம் கணக்கில் 113 லிட்டர் சொச்சம்.

அன்றைக்கு யாராவது ரயில்வே முதலாளி அந்தப் பக்கம் போயிருந்தால், சிரித்துவிட்டுப் போயிருப்பார். மூன்றே வருஷத்தில், 1916-ல், அமெரிக்க ரயில் பாதைகளின் நீளம் சுமார் 2 லட்சத்து 54 ஆயிரம் மைலைத் தொட்டது. அதுதான் உச்சம். அதற்குப் பிறகு இறக்கம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பங்குகளுக்கு பெட்ரோல் கொண்டுவந்ததே ரயில்தான்! ஊர் ஊராக டேங்கர் வேகன்கள் வந்து நிற்கும். தண்டவாளத்தை ஒட்டியே எண்ணெய்க் கிடங்கு. அங்கிருந்து சின்ன லாரியில் பங்குக்குப் போகும். தன்னைக் கவிழ்க்கப் போகிறவனுக்குத் தானே சோறு ஊட்டி வளர்த்தது ரயில்.

1956-ல் விழுந்தது பெரிய அடி. 41 ஆயிரம் மைல் நீளத்துக்கு நாடு முழுக்க அகலமான நெடுஞ்சாலைகள் போடும் சட்டத்தில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டார். காசு? பெட்ரோல் மீதான மத்திய வரியைக் காலனுக்கு 2 சென்ட்டிலிருந்து 3 சென்ட்டாக உயர்த்தி, அதைச் சாலை நிதியில் போட்டார்கள். அதாவது, பங்கில் ஒருவர் பெட்ரோல் போடப் போட, சாலை நீண்டுகொண்டே போகும். ரயில் கம்பெனிகளோ தங்கள் தண்டவாளத்தைத் தாங்களே போட்டு, தாங்களே பராமரித்து, அதற்கு வரியும் கட்டிக்கொண்டிருந்தன. இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்?

சரக்கு ரயில் தப்பித்துவிட்டது. பயணி ரயில்தான் மூச்சுத் திணறியது. 1971, மே 1-ம் தேதி, ஆம்ட்ராக் என்ற அரசு நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டபோது, மிச்சமிருந்த ரயில்களில் ஏறக்குறைய பாதி அன்றே நின்றுபோயின.

இப்போது நிலவறைக்குத் திரும்புவோம்.

மில்வாக்கி நகரில் ஏ.சி. கால்ம்பாக் என்பவர் 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகையை ஆரம்பித்தது 1934-ல். அடுத்த வருஷமே அதே ஊரில் மாடல் ரயில்காரர்களுக்கு ஒரு தேசிய சங்கம் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பொழுதுபோக்கு சூடுபிடித்தது. கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ரயில் ஓட்டாத வீடு இல்லை என்கிற நிலை. நம் வீடுகளில் கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க் கட்டுகிறோமே, கிட்டத்தட்ட அப்படி. சீப்பு செய்துகொண்டிருந்த பாக்மன் கம்பெனி, 'பிளாஸ்டிக்வில்' என்ற பெயரில் பிளாஸ்டிக் வீடு, கடை, ஸ்டேஷன் என்று செய்து தள்ளியது. பசைகூட வேண்டாம், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அந்த வரிசையில் பெட்ரோல் பங்கும் உண்டு.

நிஜ ரயில் இளைக்க இளைக்க, பொம்மை ரயில் கொழுத்தது!

அதிலும் ஒரு விசேஷம் கவனியுங்கள். அமெரிக்க மாடல் ரயில்காரர்களில் பெரும்பங்கு பேருக்குப் பிடித்த காலம், 1940-களின் கடைசியிலிருந்து 1950-கள் வரை. நீராவி எஞ்சினும் டீசல் எஞ்சினும் ஒரே தண்டவாளத்தில் ஓடிய காலம். ஸ்டேஷனில் இன்னும் கூட்டம் இருந்தது; பங்கிலும் கார்கள் நின்றன. ரெண்டு பேருமே உயிரோடு இருந்த கடைசிக் காலம் அது.

அந்தக் காலத்தை அப்படியே பிடித்து வைக்கவேண்டுமானால் பங்க் இல்லாமல் முடியாது. ஏனென்றால், ஊரிலேயே வருஷத்தைக் காட்டிக்கொடுக்கிற கட்டடம் அதுதான். சர்ச்சைப் பார்த்து வருஷம் சொல்ல முடியாது. பங்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம்!

செங்குத்தான நீலக் கூரை, புகைபோக்கியோடு ஆங்கிலேயக் குடிசை மாதிரி இருக்கிறதா? அது ப்யூர் ஆயில் கம்பெனி 1920-களின் கடைசியில் ஆரம்பித்த பாணி. குடியிருப்புப் பகுதியில் பங்க் வந்தால் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள் என்று, பங்கையே வீடு மாதிரி வேஷம் கட்டிவிட்டார்கள். வெள்ளை வெளேரென்று பெட்டி மாதிரி, பச்சைக் கோடு மூன்று, சிவப்பு நட்சத்திரமா? 1930-களின் பிற்பகுதியில் வால்டர் டார்வின் டீக் என்ற டிசைனர் டெக்ஸகோவுக்கு வரைந்து கொடுத்தது. போர்டில் 'எஸ்ஸோ' என்று இருக்கிறதா? அப்படியானால் 1972-க்கு முன்னால். அதற்குப் பிறகு அமெரிக்காவில் அந்தப் பெயர் 'எக்ஸான்' ஆகிவிட்டது. (நம் ஊர் எஸ்ஸோ 1974-ல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தில் கலந்தது தனிக்கதை.) விலைப்பலகையில் 27 சென்ட் போட்டிருந்தால், 1950-ஐ ஒட்டிய காலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

டெக்ஸகோ பாணி பங்க் செய்வது கேட்க ரொம்ப சுலபம். மெல்லிய பிளாஸ்டிக் தகடு. நாலு சுவர், தட்டையான கூரை. ஜன்னலுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு தாள். இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு பம்ப். பெட்ரோல் குழாய்க்கு மெல்லிய கம்பி, அதன்மேல் கறுப்பு பெயின்ட். ஓரமாக டயர் அடுக்கு, ஒரு குளிர்பான மெஷின், யூனிஃபார்ம் போட்ட பையன் ஒருவன். அவ்வளவுதான், முடிந்தது!

முடியவில்லை. நிஜமான வேலையே இனிமேல்தான்.

புத்தம்புதிதாகப் பளபளக்கிற பங்க் பொம்மைக்கடை மாதிரி இருக்கும். நிஜ பங்க் அப்படியா இருக்கும்? பம்புக்கு அடியில் எண்ணெய்க்கறை. கார் நிற்கிற இடத்தில் டயர் தடம். சிமென்ட் தரையில் மயிரிழை விரிசல், அதில் முளைத்த புல். ஜன்னலுக்குக் கீழே மழைநீர் வழிந்த துருக்கோடு. கலர் சாக்கைச் சுரண்டிப் பொடியாக்கித் தடவுவார்கள். கறுப்பு பெயின்ட்டைத் தண்ணீர் மாதிரிக் கரைத்துப் பூசித் துடைப்பார்கள். அரை நாளில் கட்டிய பங்கை அழுக்காக்க ஒரு வாரம்!

இந்த அழுக்குக் கலைக்குப் பேர் போனவர் ஜான் ஆலன். பிட்ஸ்பர்க்கில் அந்தப் பங்க் திறந்த அதே 1913-ல் பிறந்தவர். கலிபோர்னியாவில் மான்ட்டரே என்ற ஊரில் இருந்தார். தொழில், போட்டோகிராஃபி. வீட்டின் நிலவறையில் தரையிலிருந்து கூரைவரை மலைகளை எழுப்பி, வருஷக்கணக்காக ஒரு ரயில்வே கட்டினார். மற்றவர்கள் பளபளவென்று எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தபோது, மனுஷன் தன்னுடையதற்குத் துரு ஏற்றினார், புழுதி பூசினார், பலகைகளை உளுத்துப்போக வைத்தார். அவருடைய படங்கள் பத்திரிகையில் வர வர, ஒரு தலைமுறையே அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ரயில்வேக்கு அவர் வைத்த பெயர் 'கோரி அண்ட் டிஃபீட்டட்'. எழுத்தில் வேறு மாதிரி எழுதி, உச்சரிக்கும்போது மட்டும் இப்படி வருகிற குறும்பு. அர்த்தம்? ரத்தக்களறியாகித் தோற்றுப்போனது! விளையாட்டாக வைத்த பெயர்தான். ஆனால், அன்றைய அமெரிக்க ரயிலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

1973, ஜனவரி 6-ம் தேதி ஜான் ஆலன் மாரடைப்பில் இறந்துபோனார். சுமார் பத்தே நாள் கழித்து, அந்த நிலவறையில் தீ. இருபது வருஷ உழைப்பில் பெரும்பகுதி சாம்பல். மிச்சம் நின்றவை அவர் எடுத்த புகைப்படங்கள்தான். அவற்றையெல்லாம் சேர்த்து 1981-ல் ஒரு புத்தகம் வந்தது. ரயிலை நினைவில் வைக்க ஒரு மாடல். மாடலை நினைவில் வைக்க ஒரு புத்தகம்!

இதே வேலையை நிஜ அளவில் செய்த ஒருவரும் உண்டு. வின்ஸ்டன் லிங்க். நியூயார்க்கில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்தவர். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்ற ரயில்வேயில் நீராவி எஞ்சினுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், 1955-லிருந்து சொந்தக் காசைப் போட்டு, ராத்திரி ராத்திரியாக ஃபிளாஷ் பல்புகளை வரிசையாகக் கட்டி, ஓடுகிற ரயிலைப் படம் எடுத்தார். அந்த ரயில்வேயில் நீராவி அணைந்தது 1960-ல்.

அவருடைய படங்களில் ஒன்று, வெர்ஜீனியாவில் வெசூவியஸ் என்ற குக்கிராமத்தில் 1956-ல் எடுத்தது. நெடுஞ்சாலைச் சட்டம் வந்த அதே வருஷம்! முன்னால் ஒரு பங்க். தலையில் கண்ணாடி உருளை வைத்த பழைய பம்ப். கையால் ஆட்டிப் பெட்ரோலை மேலே ஏற்றினால், தானாகக் கீழே இறங்கும்; மின்சாரமே வேண்டாம். பக்கத்தில் மேல்மூடி திறந்த கார். பின்னால், இருட்டில் கடந்து போகிறது நீராவி ரயில். படத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'சில சமயம் கரன்ட் போய்விடும்'. நமக்குப் புரியாத சமாசாரமா!

அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறைக்கிறது. அதில் யார் ஜெயித்தவர், யார் தோற்றவர்? ரயில் நாலு வருஷத்தில் நீராவியை இழக்கப்போகிறது. சரி. அந்தப் பம்ப்? அதுவும் அப்போதே பழசு. புதுச் சாலைகள் ஊரை விட்டு விலகிப் போயின. ஊருக்கு நடுவே இருந்த பங்குகள், வண்டி வராமல் ஈயோட்டின. காலன் காலனாகத் தாங்கள் வசூலித்துக் கொடுத்த வரியில் போட்ட சாலை, கடைசியில் தங்கள் வாசலையே தாண்டிப் போய்விட்டது! பங்குகளுக்குப் பெயர்போன ரூட் 66 நெடுஞ்சாலையை 1985-ல் அதிகாரபூர்வமாகப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஜான் ஆலனின் ரயில்வே எரிந்த அதே 1973-ன் அக்டோபரில், அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. பங்குகளில் மைல் கணக்கில் க்யூ. 'பெட்ரோல் இல்லை' போர்டு. ஞாயிற்றுக்கிழமை விற்காதீர்கள் என்று ஜனாதிபதி நிக்ஸனே கேட்டுக்கொண்டார். 1976-ல், வின்ஸ்டன்-சேலம் ஊரில் சிப்பி வடிவத்தில் கட்டிய ஒரு பழைய ஷெல் பங்க், தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. ரயிலைக் கவிழ்த்தவனும் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தான்!

அதனால்தான் சொல்கிறேன், அந்த நிலவறையில் நிற்பது எதிரி இல்லை. கூடவே போய்ச் சேர்ந்த பங்காளி. வீட்டுக்காரர் ரயிலுக்குத் தருகிற அதே மரியாதையை அவனுக்கும் தருகிறார். வரலாற்றுப் புத்தகங்கள் ஜெயித்தவன் பக்கம் நின்று எழுதப்படும் என்பார்கள். இங்கே, ஒரு மேஜைமேல், ரெண்டு தரப்பும் பக்கத்துப் பக்கத்தில்.

மின்சாரக் கார்கள் பெருகிவரும் இந்த நாளில், நம் தெருமுனை பங்கையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் சுருட்டிக் கிடக்கும் காற்று ஹோஸ், தரையில் ஊறிப்போன எண்ணெய்க்கறை, பம்பில் ஓடுகிற எண்கள்... ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர், பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, அந்தக் கறைக்குச் சரியான கறுப்பைத் தேடிக்கொண்டிருக்கலாம்.