வண்டன்மேட்டு மழையும் ஒரு கேரம் பலகையும்

நமது இதழில் கோவில் வரலாறு வந்திருக்கிறது, கிராம வரலாறு வந்திருக்கிறது. விளையாட்டின் வரலாறு வந்ததாக எனக்கு நினைவில்லை. கிரிக்கெட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் எழுதப்போவது கேரம். கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ ஒரு கேரம் பலகை இல்லாத அகத்தில் வளர்ந்தவர்கள் நம்மில் சொற்பம்தான்.

என் தகப்பனார் பாலக்காட்டிலிருந்து உத்தியோகத்துக்காக வண்டன்மேட்டுக்கு வந்தவர். ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கர். 1972ல் இடுக்கி ஜில்லா உருவானபோது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினான்கு. ஜூனில் மழை பிடித்தால் லேசில் விடாது. வெளியே கால் வைத்தால் அட்டை ஏறும். கம்பத்திலிருந்து ஜீப் வராத நாளில் பேப்பரும் வராது. அந்த நாட்களில் எங்கள் உலகம் முழுவதும் ஒரு கேரம் பலகைக்குள் அடங்கிவிடும்.

ஈரத்தில் பலகை ஊறிக் காய் நகராது. போரிக் பவுடர் போட்டால் பசையாகிவிடும். அக்கா ஒரு யுக்தி கண்டுபிடித்தாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வெளிச்சுவர் அடுப்புச் சூட்டில் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ராத்திரி பலகையை அங்கே சாய்த்து வைத்துவிட்டு, காலையில் தலையில் தூக்கிக்கொண்டு வருவாள். அன்று முழுவதும் எங்கள் அகத்தில் ஏலக்காய் வாசனையோடுதான் கேரம்.

பாட்டியும் ஆடுவாள். சிறு வயதில் அஞ்சாங்கல் ஆடிப் பழகிய கை. (கழங்கு ஆட்டம் நமக்குப் புதிதா என்ன? புறநானூற்றின் 36ஆம் பாட்டிலேயே பெண்கள் பொற்கழங்கு ஆடுகிறார்கள்.) எங்கள் அகத்துச் சட்டப்படி கறுப்புக்கு 5, வெள்ளைக்கு 10, சிவப்புக்கு 50. கட்டைவிரலால் சுண்டக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். சர்வதேச விதிகளில் கட்டைவிரலுக்குத் தடையே இல்லை என்று பிற்பாடு படித்தபோது, அப்பாவிடம் காட்ட அவர் இல்லையே என்று இருந்தது.

அந்த விதிகளின் கதை சுவாரஸ்யமானது. பாட்டியாலா அரண்மனையில் கண்ணாடி மேற்பரப்புள்ள கேரம் பலகை ஒன்று உண்டு என்பார்கள். கனடாவில் இருக்கும் நம் அங்கத்தினர்கள் அங்கே கிராக்கினோல் என்ற வட்டப் பலகையைப் பார்த்திருக்கலாம். அதுவும் விரலால் சுண்டும் ஆட்டம்தான். அதன் மிகப் பழைய பலகை 1876ல் ஒன்டாரியோவில் செய்யப்பட்டது. ஆனால் அகத்துக்கு அகம் சட்டம் மாறிய கேரமை உலகம் முழுவதற்கும் ஒரே சட்டத்தில் ஆட வைத்த வேலையில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு. சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988 அக்டோபரில் சென்னையில்தான் தொடங்கியது. அதற்காக உழைத்த பங்காரு பாபுவைக் கேரமின் தந்தை என்றே சொல்வார்கள். ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் கூடாது, சிவப்புக்கு 3 புள்ளி, 25 புள்ளி அல்லது 8 போர்டு என்றெல்லாம் வரையறுத்தார்கள். எங்கள் 50 புள்ளிச் சிவப்பு 3 ஆகிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சென்னையின் மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக சாம்பியன். 1996ல் அர்ஜுனா விருது பெற்றார். கேரம் ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. வடசென்னையில் இந்த ஆட்டம் எப்படிப்பட்டது என்பதை 2018ல் வந்த 'வட சென்னை' படம் பார்த்தவர்கள் அறிவார்கள். தெருவோரக் கிளப், நடுவில் தொங்கும் ஒற்றை விளக்கு, சுற்றிலும் கூட்டம். அந்தப் பக்கத்து வியாசர்பாடியிலிருந்து, மூன்று சக்கர வண்டி ஓட்டுபவரின் மகள் இளவழகி 2008ல் உலக சாம்பியன் ஆனாள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றாள். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது.

அந்தச் செய்தி வந்த அன்று செம்பூரிலிருந்து அக்கா போன் பண்ணினாள். "படிச்சியோடா?" என்று கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும்.

1973 ஓணத்துக்கு எங்கள் ஊர் வாசகசாலையில் கேரம் போட்டி வைத்தார்கள். ஆட்கள் குறைகிறார்கள் என்று அக்காவையும் சேர்த்துக்கொண்டார்கள். பதினைந்து வயதுப் பெண், பாவாடை தாவணியில், மீசை வைத்த சூப்பர்வைசர்களை வரிசையாக ஜெயித்தாள். மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பை எதிர்ப்பக்கத்து விளிம்பில் மோதித் திரும்பி வந்த அடியில் உள்ளே தள்ளினாள். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு தோட்டத் தொழிலாளிகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கை தட்டினார்கள். மறுநாள் ஃபைனல். அதற்கு அப்பா அனுப்பவில்லை. "நாலு பேர் நடுவிலே பெண் குழந்தை உக்காந்து ஆடறதாவது" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி மட்டும், "அவ ஜெயிச்சிருப்பா, உனக்கும் தெரியும்" என்றாள். வராதவளைத் தோற்றவள் என்று எழுதிவிட்டு, அவளிடம் முதல் நாள் தோற்றவருக்கு ஒரு எவர்சில்வர் கூஜாவைக் கொடுத்தார்கள்.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று நம் அகங்களில் எத்தனை பேர் வேறு மாதிரி செய்திருப்பார்கள்? எனக்குப் பரீட்சை சமயத்தில் மட்டும் பலகைக்குத் தடை. அக்காவுக்கு அன்றோடு நின்றது. அந்தப் பலகையை நான்தான் ஆடி ஆடித் தேய்த்தேன். அவளைவிட நன்றாக ஆடினேன் என்று ஒரு நாளும் சொல்ல முடியாது.

போன கோடை விடுமுறையில் செம்பூர் போயிருந்தேன். அக்காவின் பேத்திக்கு ஒன்பது வயது. புதுப் பலகை, ஏ.சி. அறை, பவுடர் பசையாகும் பேச்சே இல்லை. அக்காவுக்கு விரலில் வாதம், சுண்டுவிரலும் மோதிரவிரலும் நீளாது. குழந்தை ஒரு சிவப்பை மூலையில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டு, "பாட்டி, இதை யாராலும் எடுக்க முடியாது" என்றாள்.

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் இரண்டு தடவை இடமும் வலமும் நகர்த்தினாள். என்னைப் பார்த்தாள். கட்டைவிரலால் சுண்டினாள். எதிர் விளிம்பில் மோதித் திரும்பியது.

"ஃபாலோ போடணும், சத்தம் போடாதே" என்றாள் குழந்தையிடம்.