சாட்சி சொல்லுதல்: சேலம், நாமக்கல் சமவெளியில்

சாட்சி சொல்லுதல் என்பது, கிறிஸ்தவர் ஒருவர் தம் விசுவாசத்தைத் தர்க்கத்தாலோ சாஸ்திர விளக்கத்தாலோ நிலைநாட்ட முற்படாமல், தமது வாழ்வில் தமக்கு நேர்ந்தது இன்னதென்று அயலாரிடம் எடுத்துக்கூறி, அதன் வாயிலாகக் கிறிஸ்துவை அறிவிக்கும் வழக்கமாகும். இவ்வழக்கம் கிறிஸ்தவ மதத்தின் ஆதிகாலத்திலேயே தோன்றியது. சமாரியப் பெண் கிணற்றடியில் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் சென்று தன் அநுபவத்தைக் கூறியதும், அப்போஸ்தலனாகிய பவுல் தமஸ்கு வழியில் தமக்கு நிகழ்ந்ததை ஜனங்கள் முன்னும் அரசன் முன்னும் நின்று விவரித்ததும் புதிய ஏற்பாட்டில் காணப்படுகின்றன. தமிழில் இவ்வகை எழுத்துக்குச் சிறந்த உதாரணம், இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900) தாம் கிறிஸ்தவரான வரலாற்றைத் தாமே எழுதி வைத்ததாகும். அவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். சேர்வராயன் மலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்டு, கிழக்கே கொல்லிமலையை எல்லையாகக் கொண்டு கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் அத்தகைய பெரிய நூல் தோன்றவில்லையாயினும், சாட்சி என்பது வாயினால் சொல்லப்படுவதற்கு முன் வாழ்க்கையினால் சொல்லப்பட வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டின் வேறெப்பகுதியையும்விடத் தெளிவாகக் காட்டிய வரலாறு இப்பகுதிக்கே உரியது.

சபைகளில் இது பல உருவங்களில் நிகழ்கிறது. ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில், நோயினின்று எழுந்தவரும் கடன் தீர்ந்தவரும் பிள்ளைப்பேறு பெற்றவரும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்று, அவ்வாண்டில் தம்மை ஆண்டவர் நடத்திவந்த விதத்தைச் சொல்வது ஒரு வகை. வீட்டு ஜெபக்கூட்டத்தில் அண்டை வீட்டுக்காரரையும் அழைத்து உட்காரவைத்துச் சொல்வது மற்றொரு வகை. உபதேசியாரும் வேதப்பெண்களும் கிராமந்தோறும் நடந்து சென்று திண்ணையிலும் களத்துமேட்டிலும் சொல்லிவந்தது மூன்றாவது வகை. இவற்றுக்கெல்லாம் ஆதாரமாக, பேசாமலே அமைவதொன்று உண்டு. "அவருக்கு நல்ல சாட்சி இருக்கிறது" என்று சபையார் ஒருவரைப்பற்றிக் கூறும்போது, அவர் மேடையேறிப் பேசியதை அல்ல, கொடுக்கல் வாங்கலிலும் குடும்பத்திலும் அவர் நடந்துகொள்ளும் முறையையே கருதுகின்றனர். கொடுத்த வாக்கைத் தவறவிட்டவரை நோக்கி "சாட்சியைக் கெடுத்துக்கொள்ளாதே" என்று மூத்தோர் கண்டிப்பதும் இக்கருத்துப் பற்றியே.

இப்பகுதியில் கிறிஸ்தவத்தின் வரலாறு 1623ஆம் ஆண்டில் ஆரம்பமாகிறது. இத்தாலியரான சேசு சபைத் துறவி இராபர்ட் டி நோபிலி, 1606இல் மதுரைக்கு வந்து, சந்நியாசி வேடம் பூண்டு, மரக்கறி உணவு உண்டு, சம்ஸ்கிருதமும் தமிழும் தெலுங்கும் பயின்று, தத்துவபோதகர் என்னும் பெயருடன் விளங்கியவர். அவருடைய முறையைக் குறித்துக் கோவாவிலும் ரோமாபுரியிலும் பல ஆண்டுகள் நிகழ்ந்த விவாதம், 1623 ஜனவரியில் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரிகோரியின் ஆணையால் அவருக்குச் சாதகமாக முடிவுற்றது. அவ்வாண்டிலேயே அவர் மதுரையை விட்டு வடதிசை நோக்கிப் புறப்பட்டார். முதலில் அவர் சேர்ந்த ஊர் சேந்தமங்கலம். மதுரை நாயக்கருக்கு அடங்கிய பாளையமாக இருந்த அவ்வூரை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர், அந்நிய நாட்டுச் சந்நியாசியை மரியாதையுடன் வரவேற்றார். அங்கிருந்து நோபிலி சேலம் சென்றார். சேலத்தில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு வேறு விதமானது. தங்குவதற்கு வீடு தருவார் இன்றி, திறந்த மண்டபத்தில் நாட்களைக் கழித்து, நோயுற்றுக் கிடந்தார். இறுதியில் உள்ளூரார் ஒருவரே இரங்கி அவருக்கு இருப்பிடம் அளித்தார் என்று சேசு சபையாரின் கடிதங்களைத் தழுவி எழுதிய சரித்திராசிரியர்கள் கூறுகின்றனர். பின்னர்ப் பண்டிதர்களோடு சம்வாதம் நிகழ்ந்தது. சேலத்து அதிபரான செலபதி நாயக்கரின் ஆதரவும் கிட்டியது.

செலபதி நாயக்கரின் தமையனார் திருமங்கல நாயக்கர். தம்பியால் ஆட்சியை இழந்து வாழ்ந்த இவர் நோபிலியிடம் உபதேசம் கேட்டு, 1625இல் குடும்பத்தாருடன் ஞானஸ்நானம் பெற்றார். இழந்த அதிகாரத்தை மீட்கும் எண்ணத்துடனேயே அவர் இவ்வாறு செய்தார் என ஐயுறுவோர் உளர். ஆயினும், நோபிலியிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. ஒரு துறவியைப் பின்பற்றியதனால் சுற்றத்தாரிடையே எஞ்சியிருந்த மதிப்பையும் இழக்க நேரும் நிலையில்தான் அந்நாயக்கர் இருந்தார். ஆகவே அவருடைய மனமாற்றம் உண்மையானதே என்று கொள்ளுதல் பொருந்தும்.

இந்நாயக்கரின் கதையைவிடப் பயன் மிகுந்தது, அதற்கு அடுத்த ஆண்டுகளில் இப்பகுதியில் நிகழ்ந்த மற்றொன்று. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் குருவாக இருந்த வள்ளுவ குலத்துப் பண்டாரம் ஒருவர் நோபிலியிடம் வந்து கிறிஸ்தவரானார். அதுகாறும் தம்மைக் குருவாகக் கொண்டிருந்த சீடர்களிடமே அவர் திரும்பிச் சென்று, தாம் தேடியதையும் கண்டதையும் கூறவே, அவர்களுள் பலர் அவர் வழியில் வந்தனர். உயர்குலத்தாரைக் கருதி வகுக்கப்பட்ட நோபிலியின் முறை, தாழ்த்தப்பட்டோரிடம் நேராகச் செல்ல இயலாத ஒன்று. தர்க்க சாஸ்திரத்தில் வல்ல ஐரோப்பியத் துறவியால் எட்ட முடியாத சேரிகளை, ஓர் உள்ளூர்ப் பண்டாரத்தின் சொந்த அநுபவம் எட்டியது. 1640இல் பால்தசார் டா கோஸ்டா என்னும் சேசு சபையார் 'பண்டார சுவாமி' என்ற புதிய துறவு நிலையை ஏற்றுக்கொண்டு எல்லா ஜாதியாரிடமும் பழகத் தலைப்பட்டதற்கு இத்தகைய அநுபவங்களே வழிகாட்டியாக அமைந்தன. கத்தோலிக்கத் திருச்சபையில், பிற்காலத்தில் 1930 மே 26ஆம் தேதி சேலம் தனி மறைமாவட்டமாக அமைக்கப்பட்டு, பிரெஞ்சுக்காரரான பிருனியே அதன் முதல் ஆயரானார்.

சீர்திருத்தச் சபையாருள் இங்கு முதலில் வந்தவர்கள் லண்டன் மிஷன் சங்கத்தார். 1827இல் ஹென்றி கிரிஸ்ப் சேலத்தில் பணி தொடங்கி, பள்ளிகளை ஏற்படுத்தி, நான்கே ஆண்டுகளில் 1831இல் காலமானார். அவருக்குப்பின் ஜார்ஜ் வால்டன் பொறுப்பேற்றார். அவரையடுத்து வந்த ஜே.எம். லெக்லர் ஜெர்மானியர், திருநெல்வேலியில் மிஷனெரியான ரேனியஸ் ஐயரோடு ஊழியம் செய்து பழகியவர். 1861இல் இறக்கும்வரை சேலத்திலேயே உழைத்தார். புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள் தொழிலையும் ஜீவனத்தையும் இழந்து தவிப்பதைக் கண்டு, அவர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்தினார். அவர் பெயரைத் தாங்கிய ஆலயம் சேலத்தில் இன்றும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷன் அறிக்கைகளில் துரைமார் பெயர்களே மிகுதியும் காணப்படுகின்றன. பல்லாயிரம் வீட்டு வாசல்களில் நின்று பேசிய உபதேசியார்கள் 'சுதேச உதவியாளர்' என்ற ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடுகின்றனர். இது பெரிய அநீதி. தெருக்கோடிப் பிரசங்கத்தை நின்று கேட்டுவிட்டுப் போன கிராமத்தார், மறுநாள் சந்தேகம் கேட்கச் சென்றது அந்த உபதேசியாரின் வீட்டிற்கே.

1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடிற்று. 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த ஜில்லாவின் ஜனத்தொகை, 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது. தென்னாட்டில் பல இடங்களில் மிஷன்கள் கஞ்சித் தொட்டி வைத்தும் அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தும் உதவின. அக்காலத்தில் கிறிஸ்தவரானோர் சோற்றுக்காகச் சேர்ந்தவர் என்னும் குற்றச்சாட்டு அன்றுமுதல் இன்றுவரை எழுப்பப்படுகிறது. பசித்தவன் தனக்குச் சோறிட்டவனின் தெய்வத்தைப்பற்றி விசாரிப்பதில் இழிவொன்றும் இல்லை. பஞ்சம் நீங்கிய பிறகும் நிலைத்து நின்றவர்களின் சந்ததியாரே இதற்கு விடை.

இவ்வரலாற்றின் சிகரம் கொல்லிமலை. சேந்தமங்கலத்தைத் தளமாகக் கொண்டு நாமக்கல் வட்டாரத்தில் பணிபுரிந்த ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்து, 1907இல் இந்தியா வந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். இங்கிலாந்தில் கில்ட்போர்டு நகரில் கட்டட வேலை செய்துவந்தவர். லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனெரிகளுக்கென நடத்தப்பட்ட மருத்துவப் பயிற்சியையும் பெற்றவர். லண்டன் மாநகரின் செல்வக் குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்ற எவலின் ஹாரிஸை 1913இல் மணந்தார். உடனே இருவரும் மலைக்குக் குடிபெயர்ந்தனர். அன்று மலைக்குப் பாதை என்பது கால்நடையாகவோ டோலியிலோ ஏறவேண்டிய செங்குத்தான காட்டு வழி. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் அங்கே இராத் தங்கவும் தயங்குவர். வாழவந்தியில் ஜெஸ்ஸி பிராண்ட் தம் கையாலேயே மரவீடு கட்டினார். கறையான் ஏறாதபடி தாங்கு கால்களின்மேல் உலோகத் தட்டுகளைக் கவிழ்த்து, அவற்றின்மீது வீட்டை நிறுத்தினார்.

மலையாளிகள் எனப்படும் அம்மலைக்குடியினர் (கேரளத்தாரோடு இவர்களுக்குச் சம்பந்தமில்லை) அவரிடம் மருந்துக்கு வந்தனர். வலித்த பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தனர். நரம்புச் சிலந்தி நோய் பரவாதிருக்க, கிணற்றுப் படிகளில் இறங்கிக் காலை நனைத்து நீர் மொள்ளும் வழக்கத்தை மாற்ற அவர் இடைவிடாது முயன்றார். பள்ளிகள் வைத்தார், பழமரங்களும் முசுக்கொட்டையும் பயிரிடக் கற்பித்தார், மலைமக்களின் வரிச்சுமைக்காகவும் உரிமைக்காகவும் அதிகாரிகளிடம் வாதாடினார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட மக்கள் அவருடைய மதத்தை மட்டும் ஏற்கவில்லை. பல ஆண்டுகளாக ஒருவர்கூடக் கிறிஸ்தவராகவில்லை. மலைப் பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்து நின்றார்.

1918-19இல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன விஷக்காய்ச்சல் (இன்ஃப்ளுயன்சா) கொல்லிமலையையும் தொட்டது. நோய் கண்ட வீட்டைவிட்டு உற்றாரும் ஓடினர். பிராண்ட் தம்பதியர் அரிசிக் கஞ்சியைப் பெரும் பாத்திரங்களில் காய்ச்சி எடுத்துக்கொண்டு, ஊர் ஊராக, குடிசை குடிசையாகச் சென்று, எழுந்திருக்க இயலாதவர்களுக்கு ஊட்டினர். எதிர்த்த பூசாரியும் நோயில் வீழ்ந்தார். தம்மவர் எல்லோரும் கைவிட்ட நேரத்தில் இவ்வெள்ளைக்காரர் ஒருவரே தம்மைத் தேடி வந்ததைக் கண்ட அவர், தாம் பிழைக்கமாட்டோம் என்று உணர்ந்து, தம் பச்சிளம் பெண் குழந்தையைப் பிராண்ட் குடும்பத்தாரிடமே ஒப்புவித்தார். அக்குழந்தை ரூத் என்ற பெயருடன் அவர்களிடம் வளர்ந்தது. அதன் பின்னரே மலையில் சபை தோன்றியது. பூசாரி தம் குழந்தையை யாரிடம் விட்டார் என்பதே மலையெங்கும் பரவிய சாட்சியாயிற்று. அதைச் சொல்லிப் பரப்பியவர்களும் மலைக்குடியினரே.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூன் 15ஆம் தேதி, மலேரியாவின் கொடிய வகையொன்றால் 44ஆம் வயதில் மறைந்தார். இங்கிலாந்து சென்று திரும்பிய எவலின் அம்மையாரை, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனார் மீண்டும் மலையிலேயே தனித்து வாழ அநுமதிக்கத் தயங்கினர். 1947இல் ஓய்வு பெற்றதும் மிஷனின் பொறுப்பினின்று விடுபட்டு, ஏறக்குறைய எழுபது வயதில் அவர் மலையேறினார். கொல்லிமலையோடு நில்லாது பச்சைமலை, கல்வராயன் முதலிய மலைத்தொடர்களிலும் மட்டக்குதிரை மீதேறி மருந்தும் வேதமுமாகச் சுற்றினார். இடுப்பெலும்பு முறிந்தபோதும், நடை தளர்ந்தபோதும் சமவெளிக்கு இறங்கி வாழ மறுத்தார். தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. 'பிராண்டுப் பாட்டி' என அறியப்பட்ட அவர் 1974 டிசம்பர் 18ஆம் தேதி, 95ஆம் வயதில் காலமானார். 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த அவர் மகன் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் சீராக்கி உலகப் புகழ் பெற்றார்.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது சேலத்தின் லண்டன் மிஷன் சபைகள் அதில் இணைந்தன. பிற்காலத்தில் பெந்தெகொஸ்தே சபைகளும் தனிச்சபைகளும் பெருகி, அவற்றின் கூட்டங்களில் சாட்சி நேரம் முக்கிய இடம் பெற்றுள்ளது. சாட்சி சொல்லுதலுக்கு அடிப்படையான, மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு அளிக்கிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

சேந்தமங்கலம், இராசிபுரம், நாமக்கல் முதலிய ஊர்களில் உள்ள பழைய சபைகளின் முதியவர்களுக்குத் தங்கள் பாட்டனார் எவ்வாறு விசுவாசத்துக்கு வந்தார், எந்த உபதேசியார் வீட்டில் வந்து பேசினார் என்பது இன்னும் நினைவிருக்கலாம். சபையின் இளைஞர்கள் இவற்றை அவர்கள் வாயாலேயே கேட்டெழுதி, ஞானஸ்நானப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு அச்சிடுவார்களாயின், துரைமார் அறிக்கைகள் விட்டுவிட்ட பெயர்கள் வரலாற்றில் ஏறும். இப்பணியைக் காலம் தாழ்த்தாது தொடங்குதல் வேண்டும்.