செத்த பெயின்ட்

பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டும் மினுமினுப்புத் தாளை எங்கள் ஊரில் 'ரேடியம்' என்போம். அதில் ரேடியம் கிடையாது. அசல் ரேடியத்தை நான் பார்த்தது அப்பாவின் வாட்ச் கடையில்தான். பழைய மிலிட்டரி வாட்ச் வந்தால், டயலில் எண்களின் மேல் வறுத்த வெந்தய நிறத்தில் பொருக்கு இருக்கும். அப்பா அதைச் சாமணத்தால் சுரண்டி ஊதிவிடுவார். "செத்த பெயின்ட்டுடா." செத்தது அதில் கலந்த துத்தநாக சல்பைடு. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும் என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

அந்த எண்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 1917 முதல் அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஆரஞ்ச் ஊரிலிருந்த ஆலையில் ஒட்டக முடித் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்குவார்கள், மையில் தோய்ப்பார்கள், வரைவார்கள், மறுபடி உதடு. டயல் கணக்கில் கூலி என்பதால் கை நிற்காது. இரவில் வீடு திரும்பும்போது தலைமுடி ஒளிரும்.

பிறகு பல் விழுந்தது, தாடை எலும்பு உதிர்ந்தது. 1922இல் மாலி மாஜியா என்ற பெண் இறந்தபோது காரணம் மேகநோய் என்று எழுதினார்கள். கம்பெனிக்கு அது வசதியாகப் போயிற்று: எங்கள் மை அல்ல, அவள் நடத்தை. 1927இல் தோண்டி எடுத்தபோது எலும்புகளில் கதிர்வீச்சு இருந்தது.

அதற்கு முன்பே, 1924இல், ஹார்வர்டின் செசில் டிரிங்கரை அழைத்து ஆலையைப் பார்க்கச் சொன்னது கம்பெனிதான். ஆபத்து ரேடியத்தில்தான் என்று அவர் அறிக்கை கொடுத்தார். கம்பெனித் தலைவர் ஆர்தர் ரோடர் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பெண்கள் எல்லோரும் நலம் என்று டிரிங்கர் சொன்னதாகத் தொழிலாளர் துறைக்குத் தெரிவித்தார். விஷயம் தெரிந்த டிரிங்கர், வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலையும் மீறி, 1925இல் அசலை வெளியிட்டார்.

எனக்கு இதைவிடக் கூசுவது இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா. கனடாத் தலைநகர் இல்லை, சின்ன ஊர். அங்கே இருந்தது ரேடியம் டயல் என்ற வேறு கம்பெனி. 1928 ஜூனில் நியூஜெர்சிப் பெண்களின் வழக்கு சமரசத்தில் முடிந்த சில நாளில், உள்ளூர்ப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அந்த ஊர் மையில் மீசோதோரியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது, எங்களுடையது சுத்த ரேடியம். எங்கள் பெண்களை டாக்டர்கள் சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றது. அங்கே மீசோதோரியம் கலந்தது உண்மை. சோதனை நடந்ததும் உண்மை. ஆனால் சில பெண்கள் உடலில் கதிர்வீச்சு இருப்பதை அந்தச் சோதனைகள் காட்டியிருந்தன. சம்பந்தப்பட்டவர்களுக்கே முடிவைச் சொல்லவில்லை. விளம்பரத்தைப் படித்துவிட்டு அவர்கள் மறுபடி தூரிகையை எடுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் கேத்தரின் டோனஹ்யூ. 1938 பிப்ரவரியில் தொழிலாளர் இழப்பீட்டு விசாரணைக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். தன் தாடையிலிருந்து வந்த எலும்புத் துண்டுகளை ஒரு சின்னப் பெட்டியில் வைத்திருந்தார். சோதனை முடிவைக் கேட்டபோது, அதைக் கொடுத்தால் இங்கே கலவரமே நடந்துவிடும் என்று மேலாளர் சொன்னதைச் சாட்சியத்தில் சொன்னார். தன் நோய்க்கு மருந்தில்லை என்று அங்கேதான் காதில் விழுந்தது, மயங்கிச் சரிந்தார். மறுநாள் விசாரணையை அவர் வீட்டிலேயே நடத்தினார்கள். ஜூலையில் இறந்தார்.

அப்பா ஊதிய மேசை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.