காஞ்சொறி: களையா, கீரையா?

கண்டிப் பக்கம் வேலியோரத்துலயும் பாழ்வளவுலயும் மழைக்குப் பிறகு தலைகாட்டுற செடி காஞ்சொறி. சிலர் காஞ்சோண்டி என்பாங்க, சிங்களத்தில் கஹம்பிலியா. பட்டா எரியும், தடிக்கும். நம்மில் பலருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா இந்தச் செடிக்கும் ஒரு வரலாறு இருக்கு.

டச்சுக் கம்பெனியின் வைத்தியர் பவுல் ஹெர்மன் 1672 முதல் 1677 வரை இலங்கையில் செடிகளைச் சேகரித்தார். அந்த உலர்செடிகளை வைத்து லின்னேயஸ் 1747 இல் ‘ஃப்ளோரா செய்லானிகா’ எழுதினார். 1753 இல் அவர் ‘உர்டிகா இன்டரப்டா’ என்று பெயரிட்ட செடிதான் இன்றைய ‘லபோர்டியா இன்டரப்டா’. நம்ம ஆட்கள் காஞ்சொறி என்று சொல்றது இதை மட்டுமல்ல. ஆமணக்குக் குடும்பத்துக் கொடியான ‘டிராகியா’வுக்கும் அதே பெயர்தான்.

லபோர்டியாவின் இலையில் உள்ள முடிகள் ஊசி மாதிரி. தொட்டதும் நுனி உடைஞ்சு, எரிச்சல் தரும் நீர் தோலுக்குள்ள இறங்கும். வேகவைத்தா அந்த எரிப்பு போயிடும். அதனால்தான் கேரளத்தில் கர்க்கடக மாதத்துப் பத்திலைக் கறியில் சொறியணமும் சேருது. அது மழைக்காலம், முன்பெல்லாம் வீட்டில் நெல் குறையும் காலம்.

இனி நம்ம மலைக்கு வருவோம். 1820களில் கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. தமிழகத்திலிருந்து மன்னார், மாத்தளை வழியாக நடந்து வந்தவங்களுக்குத் தோட்டத்தில் அரிசி கொடுத்தாங்க, அதன் விலையைச் சம்பளத்தில் பிடிச்சாங்க. 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை வந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. அரிசிக் கணக்கு பேரேட்டில் இருக்கு. கறிக்கு எதைப் பறிச்சாங்க என்பதை யாரும் எழுதி வைக்கல.

1973-74 இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 2022 செப்டம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. கடையில் வாங்க முடியாத நாளில் எந்த இலையைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பதுதான் உயிரைக் காக்கும் அறிவு. அதைக் கையில் வைத்திருந்தவங்க பெரும்பாலும் பெண்கள்.

தோட்டக் கணக்கில் இதெல்லாம் வெறும் களை. ஒரு காலத்தில் கையால் பிடுங்கினாங்க, பிறகு மருந்தடிச்சாங்க. 2015 இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது; 2018 இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதி கிடைத்தது. மருந்தடிச்ச மண்ணில் முளைக்கிற கீரையை நம்பிப் பறிக்க முடியாது. பெயரை மட்டும் நம்பியும் பறிக்க முடியாது. ஒரே பெயரில் இரண்டு செடி இருக்கே!

பேராதனைப் பூங்கா 1821 இலிருந்து இருக்கு. அங்கே செடியின் லத்தீன் பெயர் பத்திரமா இருக்கும். எப்படி இனம்காணுறது, எந்தப் பருவத்தில் கிள்ளுறது, எவ்வளவு நேரம் வேகவைக்கிறது என்பது லயத்துப் பாட்டிமாரின் நினைவில்தான் இருக்கு. அவங்க இருக்கும்போதே நாம கேட்டு எழுதி வைக்கணும்.