கிக்குலியின் லாயம்: ஐந்து சொற்களும் ஆயிரத்து எண்பது வரிகளும்

ஆரியர் வருகை பற்றி இணையத்தில் எங்கே சண்டை நடந்தாலும், கொஞ்ச நேரத்தில் யாராவது மித்தானியை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். முதலில் அந்த நாட்டு ஒப்பந்தத்தில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் பெயர்கள் இருக்கின்றன என்பார்கள். அடுத்து கிக்குலி வருவார். குதிரை நூலில் 'ஐக, தேர, பன்ஸ, சத்த, நவ' என்று எண்ணியவர். அதோடு அவர் வேலை முடிந்தது, சண்டை தொடரும். மனுஷன் களிமண் பலகையில் அப்படி என்னதான் எழுதி வைத்தார் என்று கேட்க ஆளில்லை.

முதலில் அந்த ஐந்து சொற்களைப் பார்த்துவிடுவோம். மித்தானி என்பது வட சிரியாவிலும் மேல் மெசபடோமியாவிலும் இருந்த அரசு. கிக்குலி அந்த நாட்டுக் குதிரைப் பயிற்சியாளர். ஆனால் நூல் கிடைத்தது ஹிட்டைட் தலைநகரான ஹத்துசாவில், இன்றைய துருக்கியில். எழுதப்பட்ட மொழியும் ஹிட்டைட்தான். நன்றாகப் பிழைத்திருக்கும் படி கி.மு. 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மூலம் அதற்கும் முந்தியது. நான்கு பலகைகள், மொத்தம் 1080 வரிகள்.

அதில் 'ஐகவர்த்தன்ன', 'தேரவர்த்தன்ன' என்று ஒற்றைப்படை எண்களோடு சில கலைச்சொற்கள் வருகின்றன. ஒரு சுற்று, மூன்று சுற்று, ஐந்து, ஏழு, ஒன்பது. ஈரானியக் கிளையில் ஒன்றுக்கு 'ஐவ' என்பார்கள், வேத மொழியில் 'ஏக'. இங்கே 'ஐக' என்று இருப்பதால் இது இந்தோ-ஆரியக் கிளைதான். இதில் பெரிய சந்தேகம் இல்லை.

ஆனால் கிக்குலி என்பது ஹுர்ரிய மொழிப் பெயர். மித்தானி மக்களில் பெரும்பாலோர் பேசியதும் ஹுர்ரியன்தான். இந்த நூலை விரிவாகப் பதிப்பித்த அன்னெலீஸ் கம்மென்ஹூபர், இச்சொற்கள் பேச்சு வழக்கில் இருந்தவை அல்ல, தொழிலோடு ஒட்டி உறைந்துபோனவை என்று வாதிட்டார். எனக்கு அது சரியென்றே படுகிறது. நம்மூர் மெக்கானிக் கிளட்ச், ஆக்ஸில், கியர்பாக்ஸ் என்றுதான் பேசுகிறார். அதை வைத்து மூவாயிரம் வருஷம் கழித்து ஒருவர் அவரை ஆங்கிலேயர் என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள் என்பது உறுதி. கிக்குலி அவர்களில் ஒருவர் என்பதற்கு அந்தச் சொல் மட்டும் போதாது. அவரே கலைச்சொல்லைச் சொல்லிவிட்டு, ஹிட்டைட்காரர்களுக்குப் புரியாதே என்று பக்கத்தில் விளக்கமும் தருகிறார். நாங்கள் ஆபீஸில் டாக்குமென்ட் எழுதும்போது செய்வது மாதிரியேதான்.

சரி, மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் என்ன இருக்கிறது? தேரில் பூட்டும் குதிரையை அரை வருஷத்துக்கும் மேல் நாள்தோறும் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை. முதுகில் ஏறிச் சவாரி செய்வது பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் காலப் போர்க்களத்தில் குதிரை என்றால் தேர்தான்.

இலையுதிர் காலத்தில், குதிரைகளை மேய்ச்சலில் விடும் பருவத்தில் தொடங்குகிறது. முதல் நாளே பூட்டி, மூன்று டன்னா துள்ளுநடை, ஏழு இக்கு தூரம் பாய்ச்சல். திரும்பும்போது பத்து இக்கு பாய்ச்சல். பிறகு அவிழ்த்து, தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, லாயத்துக்குள் கொண்டுபோக வேண்டும். பார்லியும் குதிரை மசாலும் நறுக்கிய வைக்கோலும் கைப்பிடிக் கணக்கில் கலந்து தீனி. சாயங்காலம் மறுபடி பூட்டி ஒரு சின்ன ஓட்டம். திரும்பவும் தண்ணீர், தீனி. தின்று முடித்ததும் வாய்ப்பூட்டு.

அளவுகளைக் கவனியுங்கள். மெசபடோமியக் கணக்கில் டன்னா ஏறக்குறைய 10 கிலோமீட்டர், இக்கு சுமார் 60 மீட்டர். ஹிட்டைட் அளவு அதேதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் தகராறு உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் துள்ளுநடைக்கு முன்னால் பாய்ச்சல் ரொம்பக் கொஞ்சம். போர்த்தேருக்குத் தயார் செய்கிறவர் குதிரையை முழு வேகத்தில் விடுவது சில நூறு மீட்டர்தான். நீண்ட, சலிப்பான, மிதமான ஓட்டம்தான் அடித்தளம்.

இதில் தாட்சண்யமும் இல்லை. தொடக்க நாட்கள் கடுமையானவை. தாங்காத குதிரையைக் கழித்துக்கட்டும் சோதனை அது என்று பலர் படிக்கிறார்கள். போர்வை போர்த்தி வியர்க்க வைக்கிறார்கள். தீனி கொடுக்காத இரவுகளும் உண்டு. ஆனால் வியர்வை வடிந்தபின் கொடுப்பது என்ன தெரியுமா? ஒரு வாளி உப்புத் தண்ணீர், ஒரு வாளி முளைகட்டிய தானியம் ஊறிய தண்ணீர். உப்பும் மாவுச்சர்க்கரையும். வயிற்றுப்போக்குக்கு நாம் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்திலும் இதே ஜோடிதான். உடம்பின் வேதியியல் தெரியாத காலத்தில் லாயத்தில் நின்று பார்த்தே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அப்புறம் குளியல். வெந்நீரில் கழுவு, ஆற்றில் இறக்கு, மறுபடி இறக்கு. நடுவில் கொஞ்சம் தீனி. படிக்கப் படிக்க, ஓட்டத்தை விடக் கழுவுவதும் தேய்ப்பதும் தண்ணீர் காட்டுவதும் கட்டிப்போடுவதும்தான் அதிக வரிகளைப் பிடித்திருக்கிறதோ என்று தோன்றும். பாய்ச்சல் ஓட்டங்களுக்கு நடுவே மூச்சு வாங்க இடைவெளியும் உண்டு. இன்று ஓட்டப்பந்தயக்காரர்கள் 'இன்டர்வெல் டிரெய்னிங்' என்று செய்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆன் நைலண்ட் 1991-ல் அரபிக் குதிரைகளை வைத்து இந்த அட்டவணையை முழுவதும் நடத்திப் பார்த்தார். நூல் இன்றும் வேலை செய்கிறது என்பது அவர் முடிவு. மூவாயிரம் வருஷப் பழைய கையேட்டை அப்படியே ஓட்டிப் பார்க்க முடிகிறது. எங்கள் துறையில் மூன்று வருஷத்துக்கு முந்தைய இன்ஸ்டலேஷன் கையேடே ஓடாது என்பது வேறு கதை.

ஹிட்டைட்காரர்களுக்கு இது எதற்குத் தேவைப்பட்டது என்பதும் தெளிவுதான். மித்தானி அவர்களின் எதிரி. எதிரியின் பலம் தேர்ப்படை. தேர் மரம், தச்சனிடம் சொன்னால் செய்துவிடுவான். குதிரையையும் விலைக்கு வாங்கலாம், பிடித்தும் வரலாம். அதை மாதக்கணக்கில் தேற்றி எடுக்கும் பழக்கம் லாயக்காரர்களின் கையிலும் வாயிலும்தான் இருந்தது. அதனால்தான் எதிரி நாட்டுக்காரர் பெயரை முதல் வரியிலேயே போட்டு, அவர் சொன்னதை எழுதிப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். கி.மு. 1274-ல் காதேசில் எகிப்தின் இரண்டாம் ராமேசஸோடு ஹிட்டைட்காரர்கள் மோதினார்கள். அவர்கள் தேர்கள் 2500 என்று எகிப்தியக் கல்வெட்டுகள் கணக்குச் சொல்கின்றன. தோற்கடித்தோம் என்று சொல்ல எதிரியைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம். பாதி என்று வைத்தாலும், தேருக்கு இரண்டு குதிரை வீதம் 2500 குதிரைகள் ஆகிறது. அத்தனைக்கும் காலையும் மாலையும் தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்து, கைப்பிடி எண்ணித் தீனி வைத்து, இரவில் வாய்ப்பூட்டு மாட்ட ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.