வெப்கேம்: வரலாறும் வேலை செய்யாமற்போகும் காரணங்களும்

காணொளி அழைப்பில் நம் முகத்துக்குப் பதில் கறுப்புத் திரை மட்டும் தெரிவது இன்று பலருக்கும் நேரும் சிக்கல். கேமரா பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து புதியது வாங்கிவிடுவோரும் உண்டு. பெரும்பாலும் அதற்குத் தேவை இருப்பதில்லை. வெப்கேம் வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறையைத் தீர்க்க ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இன்று படத்தைத் தடுப்பது பெரும்பாலும் அந்த ஏற்பாடுகளில் ஒன்றுதான்.

காபிப் பாத்திரத்தில் தொடக்கம்

1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ட்ரோஜன் அறை என்னும் அறையை ஒட்டி ஒரு காபிப் பாத்திரம் இருந்தது. வேறு தளங்களில் பணிபுரிந்தோர் நடந்து வந்து, பாத்திரம் காலியாக இருப்பதைக் கண்டு திரும்புவது வழக்கம். குவென்டின் ஸ்டாஃபோர்ட்-பிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி ஆகியோர் ஒரு கேமராவைப் பாத்திரத்தை நோக்கி வைத்து, அதன் படம் ஆய்வகக் கணினிகளில் தெரியும்படி நிரல் எழுதினர். படத்தின் அளவு 128×128 புள்ளிகள், வண்ணம் கிடையாது. 1993-இல் அந்தப் படம் உலகளாவிய வலையில் ஏறியது. 2001 ஆகஸ்ட் 22-இல் கேமரா நிறுத்தப்பட்டது. அதில் தெரிந்தது பாத்திரம் மட்டுமே. எனவே யார் பார்க்கலாம் என்ற கேள்வி அன்று எழவில்லை.

கம்பியும் வேகமும்

1994-இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் மெக்கின்டோஷ் கணினிக்காக குவிக்கேம் என்ற கேமராவை ஏறத்தாழ 100 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது கறுப்பு வெள்ளைப் படமே தந்தது. பின்னர் வந்த விண்டோஸ் வடிவம், அச்சுப்பொறியை இணைக்கும் இடத்திலேயே பொருத்தப்பட்டது.

அடுத்து யூஎஸ்பி வந்தது. இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 640×480 அளவுள்ள படத்தில் 3,07,200 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 16 பிட் வீதம், நொடிக்கு 30 படங்கள் அனுப்ப ஏறத்தாழ 14.7 கோடி பிட் தேவை. 1998-இல் வந்த யூஎஸ்பி 1.1-இன் உச்ச வேகமோ நொடிக்கு 1.2 கோடி பிட்தான். 2000-இல் வந்த யூஎஸ்பி 2.0 இதை 48 கோடியாக உயர்த்தியது. இன்றைய 1920×1080 படத்தைச் சுருக்காமல் அனுப்ப அதுவும் போதாது. அதனால் கேமராவே படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. பல கருவிகளை ஒரே யூஎஸ்பி பெருக்கியில் செருகினால் படம் விட்டுவிட்டு வருவதற்கு இந்த வேகப் பங்கீடு ஒரு காரணம்.

டிரைவர் மென்பொருள்

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கேமராவுக்கெனத் தனி டிரைவர் மென்பொருளைக் குறுந்தகட்டில் தந்தது. இயங்குதளம் மாறியதும் பல கேமராக்கள் பயனற்றுப் போயின. 2003-இல் யூவிசி என்ற பொதுத் தரம் வெளியானது. அதன்படி செய்யப்பட்ட கேமராவைச் செருகியவுடன் கணினி அடையாளம் கண்டுகொள்ளும். அதற்கு முந்தைய கேமராக்கள் புதிய கணினிகளில் இயங்காமைக்கு டிரைவர் இல்லாமையே முக்கியக் காரணம்.

ஒரு நேரத்தில் ஒரு செயலி

விண்டோஸில் நெடுங்காலமாக ஒரு கேமராவை ஒரே நேரத்தில் ஒரு செயலி மட்டுமே பயன்படுத்த முடிந்தது. இதை மாற்ற மைக்ரோசாஃப்ட் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பில் ஓர் இடைநிலை ஏற்பாட்டைச் சேர்த்தது. ஆனால் அது சில சுருக்க முறைகளில் வந்த படத்தை ஏற்கவில்லை. நல்ல நிலையில் இருந்த பல கேமராக்கள் அழைப்பின் நடுவே உறைந்து நின்றன. புகார்கள் எழுந்த பிறகு திருத்தம் வெளியிடப்பட்டது. ஒரு செயலி கேமராவைப் பிடித்துவைத்திருந்தால் மற்றொன்றுக்குப் படம் கிடைக்காமற்போவதை இன்றும் காணலாம்.

பாதுகாப்பும் அனுமதியும்

கேமரா மடிக்கணினிக்குள்ளேயே பொருத்தப்பட்டபோது, உரியவர் அறியாமல் யாரேனும் பார்க்கக்கூடும் என்ற அச்சம் பிறந்தது. 2013-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில பழைய ஆப்பிள் கணினிகளில் அடையாள விளக்கு எரியாமலே கேமராவை இயக்க முடியும் என்று செய்துகாட்டினர். 2016-இல் வெளியான ஒரு படத்தில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பர்க்கின் மடிக்கணினி கேமராவில் ஒட்டுத்தாள் இருந்ததும் பேசப்பட்டது. 2018-இல் வந்த மேக் இயங்குதளமான மொஹாவி, ஒவ்வொரு செயலியும் கேமராவுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்றாக்கியது. விண்டோஸிலும் இணைய உலாவிகளிலும் இத்தகைய அனுமதிகள் உள்ளன. பல மடிக்கணினிகளில் கேமராவின் மேல் நகரும் சிறு மூடியும் வந்தது.

சரிபார்க்கும் வரிசை

கேமரா இயங்காதபோது இவ்வரலாற்றைப் பின்னிருந்து முன்னாகப் பார்த்தால் போதும்.

1. மூடி திறந்திருக்கிறதா, விசைப்பலகையில் கேமராவை நிறுத்தும் விசை அழுந்தியிருக்கிறதா என்று பார்க்கவும்.
2. இயங்குதளம், உலாவி ஆகிய இரண்டின் அமைப்புகளிலும் கேமரா அனுமதியைச் சரிபார்க்கவும். ஒன்றில் மறுத்திருந்தாலும் படம் வராது.
3. அடையாள விளக்கு எரிந்தும் படம் இல்லையென்றால் வேறு செயலி கேமராவைப் பிடித்திருக்கலாம். மற்றவற்றை மூடவும்.
4. அழைப்புச் செயலியில் சரியான கேமரா தேர்வாகியுள்ளதா என்று காணவும்.
5. டிரைவரைப் புதுப்பித்துக் கணினியை மறுபடி தொடங்கவும்.
6. வெளிக் கேமராவானால் பெருக்கியைத் தவிர்த்து நேரடியாகக் கணினியில் செருகவும்.

இத்தனைக்குப் பிறகும் படம் வராவிட்டால், அதே கேமராவை வேறொரு கணினியில் செருகிப் பார்க்கவும். அங்கும் இயங்காவிட்டால் மட்டுமே கேமரா பழுது என்று கொள்ளலாம். சரிபார்க்கும் அவசரத்தில் எல்லாச் செயலிகளுக்கும் அனுமதி தந்துவிடுவது தவறு. அழைப்புக்குரிய செயலிக்கு மட்டும் தந்து, பேசி முடித்தபின் மூடியை மூடிவைப்பதே முறை.