அடுப்பு யாருடையது?

1922 ஜூலையில் அமெரிக்கச் சாரணியர் இயக்கத்தின் இதழான ‘தி அமெரிக்கன் கேர்ள்’ ஒரு குக்கி செய்முறையை வெளியிட்டது. கூடவே ஒரு கணக்கும் இருந்தது. ஆறேழு டஜன் குக்கிகளுக்குப் பொருள்செலவு 26 முதல் 36 சென்ட். விற்கும் விலை டஜனுக்கு 25 முதல் 30 சென்ட். ஆறு டஜன் விற்றாலே ஒன்றரை டாலர் கைக்கு வரும். போட்ட முதல் நாலு மடங்குக்கு மேல் திரும்பும் வியாபாரத்தை எந்தச் செட்டியாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

ஆனால் அந்தக் கணக்கில் அடுப்பு இல்லை. எரிபொருள், பாத்திரம் தேய்த்த கை, பக்கத்தில் நின்று பதம் பார்த்த அம்மாவின் மத்தியானப் பொழுது, எதற்கும் விலை போடவில்லை. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மன்றங்கள் வீட்டில் சுட்டதைக் கொண்டுவந்து விற்கும் ‘பேக் சேல்’ இன்றும் நடப்பது இதே கணக்கில்தான். ஜப்பானியப் பல்கலைக்கழக விழாக்களில் மாணவர் மன்றங்கள் போடும் ‘மோகிதென்’ கடையை அதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். இரண்டும் சங்கத்துக்குப் பணம் சேர்க்கும் சாப்பாட்டுக் கடைகள்தாம். வரவு செலவு நோட்டைத் திறந்தால் இரண்டும் வேறு வேறு தொழில்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு இரண்டு விழா: மே மாதம் ஹொங்கோ வளாகத்தில், நவம்பரில் கொமாபா வளாகத்தில். வேறு பல பல்கலைக்கழகங்கள் நவம்பர் 3, பண்பாட்டு நாள் விடுமுறையை ஒட்டி நடத்துகின்றன. டென்னிஸ் குழு, இசைக்குழு, மலையேறும் குழு என்று ஆளுக்கொரு கூடாரம். யாகிசோபா போடும் கடையில் இரும்புக்கல் காய்ந்ததும் பன்றி இறைச்சி விழும், பிறகு முட்டைக்கோஸ். அது வதங்கியதும் நூடுல்ஸை உதிர்த்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, இரண்டு கையிலும் தட்டைக் கரண்டி பிடித்துப் புரட்டுவார்கள். கடைசியில் சாஸ். அது கல்லில் பட்டுக் கருகும்போது எழும் வாசனைதான் விளம்பரம். நம் பரோட்டாக் கடையில் கொத்துச் சத்தம் செய்கிற வேலையை அங்கே வாசனை செய்கிறது. சிவப்பு இஞ்சி ஊறுகாயும் பச்சைக் கடற்பாசித் தூளும் தூவி, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுக்கிறார்கள். வரிசை நீளும்போது கரண்டி பிடிக்கும் முதலாண்டு மாணவன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இதற்குப் பின்னால் பெரிய விதிக்கட்டு உண்டு. உள்ளூர்ப் பொதுச் சுகாதார நிலையத்தின் நிபந்தனைகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், சாரம் ஒன்றே. கொடுப்பதற்குச் சற்றுமுன் அங்கேயே நன்றாகச் சூடாக்கு, பச்சையாக எதையும் தராதே, வீட்டில் செய்து கொண்டுவராதே. பல இடங்களில் க்ரீமுக்கும் சோற்று உருண்டைக்கும்கூட அனுமதி இல்லை. சமைப்பவர்கள் மலப் பரிசோதனை முடிவைத் தர வேண்டும் என்று கேட்கும் விழாக்குழுக்களும் இருக்கின்றன. 2013 ஆகஸ்டில் கியோத்தோ மாநிலம் ஃபுகுச்சியாமா ஊரின் வாணவேடிக்கை விழாவில், ஒரு தெருக்கடையில் பெட்ரோல் கேன் தீப்பற்றி வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அது மாணவர் கடை அல்ல. ஆனாலும் மறு ஆண்டிலிருந்து விழாக்களில் நெருப்பு மூட்டும் கடை எதுவானாலும் தீயணைப்புக் கருவி கட்டாயமாயிற்று.

வீட்டு அடுப்புக்குத் தடை போட்டதால் ஒரு விளைவு, சட்டம் எழுதியவர்கள் அதை நினைத்திருக்கமாட்டார்கள்: செலவுகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. கூடாரம், இரும்புக்கல், எரிவாயு உருளை ஆகியவற்றின் வாடகை, சரக்கு விலை, எல்லாம் ரசீதோடு. ஒரு டப்பா விற்பதற்குள் உறுப்பினர்கள் கைக்காசு போட்டாக வேண்டும். அதனால்தான் நண்பர்களிடம் முன்கூட்டியே டோக்கன் விற்றுவிடுகிறார்கள். அன்று மழை பெய்தால் நறுக்கிய முட்டைக்கோஸ் அப்படியே நிற்கும், கை கடிக்கும். (லாபம் வந்தாலும் பல குழுக்களில் அன்றிரவு விருந்திலேயே பெரும்பகுதி கரைந்துவிடும் என்பது வேறு விஷயம்.)

பேக் சேலில் கை கடிக்க வழியே இல்லை. மடக்கு மேசை, பிரவுனி, கப்கேக், சில்லறைக்கு ஒரு டப்பா. மாவும் வெண்ணெயும் வீட்டுச் செலவில் போயிற்று, விற்றதெல்லாம் லாபம். அங்கே பயம் கிருமி மீதல்ல, சர்க்கரை மீது. 2009இல் நியூயார்க் நகரக் கல்வித்துறை பள்ளி நேரத்தில் நடக்கும் பேக் சேல்களுக்குக் கடிவாளம் போட்டது. வீட்டில் சுட்டதில் எத்தனை கலோரி என்று தெரியாதாம். அளவு அச்சிட்ட சிப்ஸ் பொட்டலத்துக்கு அனுமதி கிடைத்தது. பெற்றோர் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. 2014 ஜூலை முதல் நாடு முழுவதும், பள்ளி நேரத்தில் மாணவருக்கு விற்கும் தின்பண்டம் 200 கலோரிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. நிதி திரட்ட எப்போதாவது நடத்தும் விற்பனைக்கு மாநிலங்கள் விலக்குத் தரலாம்; பள்ளி விட்டு அரை மணி கழிந்தால் விதியே பொருந்தாது.

பேக் சேலின் விலை உண்மையில் விலையே அல்ல. தெரிந்த முகத்துக்குத் தரும் நன்கொடை, கைம்மாறாக ஒரு பிரவுனி. அதனால்தான் 2003இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் அமைப்பு, இடஒதுக்கீட்டுச் சலுகையை எதிர்க்க, வாங்குபவரின் இனத்துக்கு ஒரு விலை என்று எழுதிவைத்து குக்கி விற்க முடிந்தது. அந்த அரசியல் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் எரிவாயு வாடகை கொடுத்துவிட்டு யாகிசோபா விற்பவனுக்கு விலையை வைத்து இப்படி விளையாடத் துணிவு வராது.

சாரணியர் கதையும் வீட்டு அடுப்போடு நிற்கவில்லை. 1917இல் ஓக்லஹோமாவின் மஸ்கோகி ஊரில் உயர்நிலைப் பள்ளி உணவுக்கூடத்தில் குக்கி விற்றவர்களின் இயக்கம், 1930களில் வணிக பேக்கரிகளிடம் சரக்கு வாங்கத் தொடங்கியது. விற்பனை பெருகியதும் அம்மாக்களின் இலவச உழைப்பு போதவில்லை. அன்றுதான் அடக்கவிலை முழுதாக நோட்டில் ஏறியது.

பணம் மட்டும்தான் குறி என்றால் பேக் சேலே சிறந்தது; இடர் இல்லை, அலைச்சல் இல்லை. சங்கத்துக்கு ஒரு நல்ல பொருளாளர் வேண்டுமென்றால் என் ஓட்டு இரும்புக்கல்லுக்கு. நம் கல்லூரி உணவுத் திருவிழாக்களில் வீட்டுப் பணியாரத்தை விற்றுவிட்டு வந்ததையெல்லாம் லாபக் கணக்கில் எழுதும் தம்பி தங்கைகள் அடுத்த முறை மாவு, எண்ணெய், எரிவாயு, அம்மாவின் கூலி என்று நாலு வரி சேர்த்து எழுதிப் பாருங்கள். அவை போக மிஞ்சுவது லாபம். மற்றது நன்கொடை, அதற்கு அம்மா பெயரில் ரசீது போட்டுக் கொடுத்துவிடுங்கள்.